எண்ணெயைக் கேட்டுவிட்டு வினையூக்கியை எடுங்கள்

"ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிராம் காஸ்டிக் போடணும் மேடம்?"

இறுதியாண்டு புராஜெக்டுக்குப் பயோடீசலை எடுக்கும் பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் கால் வைத்ததும் கேட்பது இதைத்தான். திருச்செங்கோடு பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் 19 வருடமாக வேதியியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். அதில் 11 வருடமாக, பலகாரக் கடைகளில் மிஞ்சிய எண்ணெயைப் பயோடீசலாக்கும் வேலையும் என் மேசையில் நடக்கிறது. அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் ஒரே எண்ணைப் பதிலாகச் சொன்னதில்லை. எந்த எண்ணெய், எத்தனை தடவை காய்ந்தது, அதில் என்ன பொரித்தார்கள் என்று தெரியாமல் வினையூக்கியின், அதாவது வினையை நடக்கவைக்கும் அந்தக் காஸ்டிக்கின், அளவைச் சொல்ல முடியாது. அளவு மட்டுமில்லை, எந்த வினையூக்கி என்பதையே சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வினையூக்கி என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். எண்ணெயின் மூலக்கூறு, கிளிசரின் என்ற ஒரு காம்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்குவது மாதிரி. அந்த மூன்றையும் காம்பிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றோடும் மெத்தனால் என்ற ஆல்கஹாலில் ஒன்றைக் கட்டிவிட்டால் கிடைப்பது மெத்தில் எஸ்டர். பயோடீசல் என்பது அதுதான். காம்பு கிளிசரினாக அடியில் தங்கும். எண்ணெயையும் மெத்தனாலையும் வெறுமனே சேர்த்து 60 டிகிரியில் எவ்வளவு நேரம் கலக்கினாலும் ஒன்றும் ஆகாது. காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) அல்லது காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) என்ற காரம் மெத்தனாலில் கரையும்போது மெத்தாக்சைடு என்ற அயனி உண்டாகிறது. காம்பிலிருந்து சங்கிலியைப் பிரிப்பது அந்த அயனிதான். கூடவே கொஞ்சம் தண்ணீரும் உண்டாகிறது என்பதை நினைவில் வையுங்கள். தண்ணீரும் காரமும் எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பு வரும்.

மெத்தனாலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது இதே மெத்தனால்தான். தமிழ்நாட்டில் இதை வாங்க, வைத்திருக்க, பயன்படுத்த உரிமம் வேண்டும். கல்லூரியிலோ உரிமம் உள்ள கூடத்திலோ மட்டும் செய்யுங்கள். வீட்டு அடுப்படியில் வேண்டவே வேண்டாம். மெத்தனால் எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஆவியும் விஷம், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டு, பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரில் கையுறை இல்லாமல் என் மேசையில் யாரும் பாட்டிலைத் திறப்பதில்லை.

எண்ணெயைச் சோதிப்பது

எங்கள் கல்லூரி வாசலில் ஓர் அண்ணன் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறார். பழைய எண்ணெயை அவரிடம்தான் வாங்குவேன். போன முறை அவர் கொடுத்த கேன் நல்ல கறுப்பாக இருந்தது. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் எண்ணெய்தானுங் அம்மிணி. கறுப்பா இருக்குதேன்னு பாக்காதீங்க, மொளகா பஜ்ஜி போட்ட கறுப்பு அது" என்றார். "சரிங்கண்ணா, சோதிச்சே பாத்துர்றேன்" என்று வாங்கி வந்தேன். அதே வாரம் ஒரு மீன் வறுவல் கடையிலிருந்து வந்த எண்ணெய், பார்க்கத் தேன் மாதிரி தெளிவாக இருந்தது. இரண்டையும் சோதித்தபோது கறுப்பு எண்ணெய்க்கு 2.4 மில்லி வந்தது, தெளிவான எண்ணெய்க்கு 6.1. அண்ணன் சொன்னது சரி. நிறத்தை வைத்து எண்ணெயை எடைபோடக் கூடாது.

அந்த 2.4, 6.1 என்பவை என்ன? எண்ணெய் தண்ணீரோடும் சூட்டோடும் கிடக்கும்போது சில சங்கிலிகள் காம்பிலிருந்து தானாகவே கழன்றுவிடும். அவற்றைத் தனிக் கொழுப்பு அமிலம் என்கிறோம். நீங்கள் போடும் காரத்தை இந்த அமிலம் முதலில் தின்றுவிடும். தின்று சோப்பாகும். அதற்கு எவ்வளவு காரம் போகும் என்பதை அளக்கத்தான் தரம்பார்த்தல்.

செய்முறை எளிது. 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து பியூரெட்டில் நிரப்புங்கள். ஒரு சிறு குடுவையில் 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எடுத்து காரம் பட்டால் ரோஜா நிறமாகும் பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டியில் இரண்டு சொட்டு விடுங்கள். அந்த ஆல்கஹாலிலேயே கொஞ்சம் அமிலம் இருக்கலாம். அதனால் எண்ணெய் சேர்க்கும் முன்பே பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு, இரண்டு சொட்டு விட்டு மெல்லிய ரோஜா நிறம் வரச் செய்துவிடுங்கள். பிறகு 1 மில்லி எண்ணெயைப் பிப்பெட்டில் எடுத்து அதில் விடுங்கள். நிறம் போய்விடும். குடுவை அடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் எண்ணெய் நன்றாகக் கரையும். இப்போது அளவைக் குறித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றுங்கள். ரோஜா நிறம் வந்து வந்து மறையும். 15 விநாடி மறையாமல் நின்றால் நிறுத்திவிட்டு, எத்தனை மில்லி செலவானது என்று படியுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 1 மில்லி என்றால், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 1 கிராம் காரம் கூடுதலாக வேண்டும் என்று அர்த்தம்.

கறுத்த எண்ணெயில் ரோஜா நிறம் சரியாகத் தெரியாது. அப்போது நான் மஞ்சளை எடுப்பேன். விரலி மஞ்சளைத் தட்டி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டினால் நிறங்காட்டி தயார். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே வினைதான். மஞ்சளிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறுவது கறுத்த எண்ணெயிலும் கண்ணுக்குப் படும்.

கணக்கு இப்படி. அமிலமே இல்லாத புது எண்ணெய்க்கு லிட்டருக்கு, சுத்தமான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால் 4.9 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு என்றால் 3.5 கிராம். இதுதான் அடிப்படை அளவு. ஆனால் ஆய்வகத்துக்கு வரும் பொட்டாஷ் பெரும்பாலும் 85 சதவீதத் தூய்மைதான், மீதி அது இழுத்துக்கொண்ட ஈரம். 4.9-ஐ 0.85-ஆல் வகுத்தால் 5.8 வரும். அதோடு 2.4-ஐக் கூட்டினால் 8.2 கிராம். 2.4-ஐ மறுபடி 0.85-ஆல் வகுக்காதீர்கள். பியூரெட் கரைசலையும் அதே டப்பாவிலிருந்து எடுத்துச் செய்ததால், தூய்மைக் குறை அந்த எண்ணுக்குள்ளேயே வந்துவிட்டது. இந்த இடத்தில் தவறு செய்யாத குழுவை நான் அதிகம் பார்த்ததில்லை.

சோதனை எண், அதாவது பியூரெட்டில் செலவான அந்த மில்லி அளவு, 3 வரை என்றால் தயங்காமல் நேராகக் காரம் போடலாம். 3 முதல் 5 வரை போடலாம், ஆனால் சோப்பு வரும், கழுவும்போது சிரமம், விளைச்சல் குறையும். தனி அமிலம் 1 சதவீதம் இருந்தாலே லிட்டருக்குப் பத்து கிராமுக்குச் சற்று மேல் சோப்பு உண்டாகும். 5-ஐத் தாண்டினால் காரத்தைத் தொடாதீர்கள். முதலில் அமிலம், பிறகு காரம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதையெல்லாம் நான் வலியோடுதான் கற்றேன். ஆரம்பத்தில் யாரோ கொடுத்த ஜெராக்ஸ் தாளில் 'லிட்டருக்கு 9 கிராம்' என்று இருந்ததை நம்பி, தரம்பார்க்காமல், ஈரத்தை விரட்டாமல், மீன் பொரித்த எண்ணெய் 3 லிட்டரில் போட்டேன். இருபது நிமிடத்தில் கலக்கியின் சத்தம் மாறியது. பார்த்தால் குடுவை முழுக்க கேழ்வரகுக் கூழ் மாதிரி திரண்டு, கலக்கும் கம்பி சுற்ற முடியாமல் நின்றுவிட்டது. எடுத்துக் கழுவக்கூட முடியவில்லை. மூன்று மாணவர்களின் ஒரு வார உழைப்பு அது. அன்றிலிருந்து சோதனை எண் எழுதாத எண்ணெய்க் கேனை என் மேசையில் ஏற்றுவதில்லை.

பொட்டாஷா, சோடாவா?

இரண்டும் வேலை செய்யும். சோடா விலை குறைவு, எடையும் குறைவாகப் போதும். ஆனால் சிறு அளவில் செய்பவர்களுக்கு நான் பொட்டாஷைத்தான் சொல்வேன். மெத்தனாலில் பொட்டாஷ் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். சோடா மணிக்கணக்கில் இழுக்கும். கரையாத சோடாத் துகள் எண்ணெயில் விழுந்தால் அந்த இடத்திலேயே சோப்புக் கட்டி. கிளிசரினும் சோடாவில் ஆறியதும் இறுகி, குழாயை அடைத்துக்கொள்ளும். பொட்டாஷில் திரவமாகவே இருப்பதால் சுலபமாக வடிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் பொட்டாஷ் டப்பாவை விசேஷமாகக் கவனியுங்கள். மூடியைத் திறந்து போட்டுவிட்டு ஒரு போன் பேசி வருவதற்குள் செதில்கள் வியர்க்கும். எடை போடும்போது நீங்கள் ஈரத்தைத்தான் எடை போடுவீர்கள். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து கார்பனேட்டாக மாற்றிவிடும். நான் பெரிய டப்பாவைப் பிரித்ததும் ஒரு தடவைக்கு வேண்டிய அளவில் சிறு பாட்டில்களாகப் பிரித்து மூடி வைத்துவிடுவேன்.

ஒரு லிட்டர் ஓட்டம்

எண்ணெயைத் துணியில் வடிகட்டி, 110 டிகிரி வரை சூடாக்கி, குமிழி அடங்கும் வரை வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, ஒரு கரண்டி எண்ணெயைச் சூடான இரும்புத் தட்டில் விட்டுப் பாருங்கள். படபடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. பிறகு 55 டிகிரிக்கு ஆறவிடுங்கள்.

மெத்தனால் லிட்டருக்கு 250 மில்லி. கணக்குப்படி வினைக்கு வேண்டியது சுமார் 127 மில்லிதான். இந்த வினை முன்னும் போகும், பின்னும் வரும். முன்னோக்கித் தள்ளத்தான் இரண்டு மடங்கு போடுகிறோம். எடைபோட்ட 8.2 கிராம் பொட்டாஷை, மூடி இறுகும் கெட்டியான எச்டிபிஇ பிளாஸ்டிக் கேனில் இந்த மெத்தனாலோடு சேர்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். கேன் சூடாகும், அவ்வப்போது மூடியைத் தளர்த்தி அழுத்தத்தை விடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம். அந்தப் பெட் பிளாஸ்டிக்கைக் காரம் தின்றுவிடும். அலுமினியப் பாத்திரத்தையும் கிட்டே கொண்டுவராதீர்கள். காரம் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி மட்டும்.

மூன்று கழுத்துக் குடுவையில் எண்ணெய், நடுவில் கலக்கி, ஒரு கழுத்தில் வெப்பமானி, இன்னொன்றில் குளிர்விப்பான். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதித்துவிடும், அதனால் 60-ஐத் தாண்ட விடாதீர்கள். கேனில் கரைத்து வைத்த மெத்தாக்சைடில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் இப்போது ஊற்றுங்கள்.

ஊற்றியதும் குடுவைக்குள் நடப்பதை நின்று பாருங்கள். முதலில் மோர் மாதிரி கலங்கும், எண்ணெயும் மெத்தனாலும் ஒட்டாமல் முரண்டு பிடிக்கும். சில நிமிடத்தில் சட்டென்று தெளியும். நிறம் கொஞ்சம் ஆழமாகும். கலக்கியை ஒரு கணம் நிறுத்தினால், அடியை நோக்கிக் கறுப்புக் கோடுகள் இறங்குவது தெரியும். அதுதான் கிளிசரின் பிரிவது. 11 வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அந்தக் கணத்துக்காக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறேன்.

ஒரு மணி நேரம் கலக்கிவிட்டு, அரை மணி நேரம் அசையாமல் விட்டு, அடியில் தங்கிய கிளிசரினை வடித்துவிடுங்கள். பிறகு மீதி ஐந்தில் ஒரு பங்கு மெத்தாக்சைடை விட்டு இன்னொரு மணி நேரம். கிளிசரினை வெளியே எடுத்ததால் வினை பின்னால் திரும்பாது. ஒரே தடவையில் முழுவதையும் கொட்டுவதைவிட இதில் எண்ணெய் நன்றாகத் தீர்கிறது. கடைசியில் பிரிபுனலில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். பயோடீசல் மெத்தனாலில் முழுக்கக் கரையும், மாறாத எண்ணெய் கரையாமல் துளியாக அடியில் சேரும். இந்தச் சோதனையை 20 டிகிரி அருகில் வைத்துச் செய்ய வேண்டும். நம் ஊர் மதிய வெயிலில், 34 டிகிரி அறையில் செய்தால், மாறாத எண்ணெயும் கொஞ்சம் கரைந்து எல்லாமே தேறிவிட்டது மாதிரி காட்டும். நான் குழாயைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டுதான் குலுக்குவேன்.

புங்க எண்ணெய் வந்தால்

புங்கம், இலுப்பை, ரப்பர் விதை, மீன் பொரித்த பழைய எண்ணெய், இவற்றில் தனி அமிலம் அதிகம். நேராகப் பொட்டாஷ் போட்டால் கூழ்தான். இங்கே கந்தக அமிலம் வினையூக்கியாகிறது. அது தனிக் கொழுப்பு அமிலத்தை மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கிவிடும். எதிரியாக இருந்ததே எரிபொருளாகிவிடுகிறது. முழு எண்ணெயையும் அமிலத்தாலேயே மாற்றிவிடலாமே என்று கேட்பார்கள். மாற்றலாம், ஆனால் காரத்தோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாக நடக்கும். ஆகவே அமிலத்துக்குத் தனி அமிலத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுப்போம்.

தனி அமிலம் 10 சதவீதம் உள்ள ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மெத்தனால் 250 மில்லி, அடர் கந்தக அமிலம் 2.5 மில்லி எடுப்பேன். அமிலத்தை மெத்தனாலுக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள், குடுவையைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு. ஒருபோதும் மெத்தனாலை அமிலத்துக்குள் ஊற்றாதீர்கள். 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கிவிட்டு விட்டால், மெத்தனாலும் உண்டான தண்ணீரும் அமிலத்தில் பெரும்பகுதியும் மேல் அடுக்காக வந்து நிற்கும். காரப் பாதையில் கழிவு அடியில் நிற்கும், இங்கே மேலே. பழக்க தோஷத்தில் அடியை வடித்து நல்ல எண்ணெயைக் கொட்டிவிட்ட பிள்ளைகள் உண்டு. மேல் அடுக்கை நீக்கிவிட்டு மறுபடி தரம்பாருங்கள். எண் 3-க்குக் கீழே வந்திருந்தால் காரத்துக்குப் போகலாம். எஞ்சிய கந்தக அமிலத்தை அடக்கத் தேவையான காரமும் அந்த எண்ணிலேயே அடங்கிவிடும். வரவில்லையென்றால் இன்னொரு சுற்று.

முட்டை ஓடு

நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு முட்டை ஓட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. தினம் கோடிக்கணக்கில் முட்டை இங்கிருந்து போகிறது. ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து பங்கு கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. காளவாயில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம் ஊரில் காலங்காலமாக நடக்கிற வேலை. அதே சுட்ட சுண்ணாம்புதான் எண்ணெயில் கரையாத திண்ம வினையூக்கி. வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

ஆம்லெட் கடையில் ஓடு வாங்கி, வெந்நீரில் கொதிக்கவைத்து, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்துவிடுங்கள். 105 டிகிரி அடுப்பில் காயவைத்து, உரலில் இடித்துச் சலித்து, பீங்கான் மூசையில் போட்டு மஃபிள் உலையில் 900 டிகிரியில் நான்கு மணி நேரம். சவ்வு மிச்சமிருந்தால் முதலில் சாம்பல் நிறமாகிக் கடைசியில் வெள்ளையாகும். நிறத்தை நம்பாமல் எடை பாருங்கள். 100 கிராம் ஓடு, முழுக்கச் சுட்டால் 54, 55 கிராம்தான் நிற்கும், மீதி கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். 70 கிராம் நின்றால் உள்ளே இன்னும் ஓடாகவே இருக்கிறது, மறுபடி உலைக்குள் வையுங்கள்.

உலையிலிருந்து எடுத்ததும் சூடாகவே, ஈரம் புகாமல் மூடும் உலர்கூண்டில் (டெசிக்கேட்டர்) வையுங்கள். சுட்ட சுண்ணாம்பு காற்றில் கிடந்தால் ஈரம் வாங்கித் தானாக நீற்றுப்போகும். நீற்றிய சுண்ணாம்பு இந்த வேலைக்கு மிகவும் பலவீனம். வெற்றிலைச் சுண்ணாம்பை வைத்து முயன்றவர்கள் ஏமாறுவது அதனால்தான். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிட்டிகை பொடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். 'சுர்' என்று சூடாகிப் பொங்கினால் இருக்கிறது.

250 மில்லி எண்ணெய்க்கு 7 கிராம் பொடி, 95 மில்லி மெத்தனால். பொடியை முதலில் மெத்தனாலோடு மட்டும் 60 டிகிரியில் அரை மணி நேரம் கலக்குங்கள், பொடியின் மேற்பரப்பில் மெத்தாக்சைடு உண்டாகட்டும். பிறகு எண்ணெயை விட்டு, கொதிக்கும் மெத்தனால் குளிர்விப்பானில் குளிர்ந்து திரும்ப விழும்படி 65 டிகிரியில் மூன்று மணி நேரம். பொடி அடியில் படியாதபடி வேகமாகக் கலக்க வேண்டும். வினை நடப்பது பொடியின் மேற்பரப்பில் மட்டும் என்பதால், பொடி எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது. எண்ணெயில் தனி அமிலம் இருக்கவே கூடாது. இருந்தால் கால்சியம் சோப்பு, அது தண்ணீரிலும் கரையாது, வடிதாளையும் அடைக்கும்.

ஓட்டை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்று எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சோர்ந்துபோகிறது. கிளிசரின் அதன்மேல் படிகிறது, கொஞ்சம் கால்சியம் எரிபொருளுக்குள்ளும் கரைந்து போகிறது. இரண்டாவதைக் கண்ணால் காட்ட ஒரு வழி உண்டு. வடிகட்டிய பயோடீசலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு குலுக்கி, அடியில் வரும் நீரைப் பிரித்து, அம்மோனியா விட்டுக் காரமாக்கி, அம்மோனியம் ஆக்சலேட் கரைசலைச் சேர்ப்பேன். தெளிவாக இருந்த நீரில் பால் சிந்தியது மாதிரி வெள்ளை படரும். கால்சியம் ஆக்சலேட். எரிபொருள் தரவிதிகள் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கின்றன. 'கரையாத வினையூக்கி' என்று புத்தகத்தில் படித்த பிள்ளைகள் அந்த வெள்ளையைப் பார்த்ததும் பேச்சில்லாமல் நிற்பார்கள். ஆகவே முட்டை ஓட்டை நான் விரும்புவது படிப்பதற்காக. லிட்டர் கணக்கில் எரிபொருள் வேண்டுமென்றால் பொட்டாஷுக்கே திரும்புகிறேன். 900 டிகிரி உலைக்கு ஆகும் மின்சாரத்தையும் கணக்கில் வையுங்கள்.

திண்ம வினையூக்கி தொழிற்சாலை அளவில் நடக்காததல்ல. பிரான்சின் செத் நகரில் 2006-இல் துத்தநாக, அலுமினிய ஆக்சைடை வைத்து ஓர் ஆலை ஓடத் தொடங்கியது. கழுவும் வேலையே இல்லாமல் 98 சதவீதத்துக்கு மேல் தூய்மையான கிளிசரின் கிடைக்கும் முறை அது. ஆனால் 200 டிகிரியும் பெரிய அழுத்தமும் வேண்டும், கண்ணாடிக் குடுவையில் ஆகிற காரியமில்லை. லைப்பேஸ் நொதியும் உண்டு. தனி அமிலம் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, 40 டிகிரிச் சூடே போதும், சோப்பே வராது. ஆனால் மெத்தனாலை ஒரேயடியாக ஊற்றினால் நொதி செத்துவிடும், விலையும் கல்லூரி பட்ஜெட்டுக்கு எட்டாது.

போட்டது எங்கே போனது?

போன வருடம் ஒரு பெண் கேட்டாள்: "வினையூக்கி செலவாகாதுன்னு படிச்சோமே மேடம், அப்போ நாம போட்ட 8.2 கிராம் எங்க இருக்கு?" அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. வேலையில் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கொஞ்சம் சோப்பாகி பயோடீசலில் தங்கியிருக்கும். அதை அப்படியே இன்ஜினில் விட்டால் வடிகட்டியை அடைத்து, இன்ஜெக்டரில் சாம்பலாகப் படியும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான் எல்லை. அதனால் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான நீரை மேலிருந்து தூறலாகத் தெளித்து, முதல் தடவை கலக்காமல் அப்படியே இறங்க விடுங்கள். அவசரப்பட்டுக் குலுக்கினால் பால் மாதிரி கலங்கி, பிரிய ஒரு நாள் ஆகும். எங்கள் போர்வெல் தண்ணீர் கடின நீர். அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திப்பி திப்பியாக மிதக்கும். அதனால் மழைநீரைச் சேமித்து வைத்துக் கழுவுகிறேன், இல்லாவிட்டால் ஆர்ஓ நீர். அடியில் வரும் நீர் தெளிவாகி, அதன் பிஹெச் 7-ஐ ஒட்டி வரும் வரை கழுவுங்கள். பிறகு திறந்த எவர்சில்வர் பாத்திரத்தில் 100 டிகிரிக்குச் சற்று மேலே மெதுவாகச் சூடாக்கி ஈரத்தை ஓட்டுங்கள், அறை காற்றோட்டமாக இருக்கட்டும். ஆறிய பிறகு அதன் வழியாகச் செய்தித்தாளைப் படிக்க முடிந்தால் ஈரம் போய்விட்டது. நாங்கள் இதில் ஒரு பங்கை நான்கு பங்கு டீசலோடு கலந்து, மெக்கானிக்கல் ஆய்வகத்து 5 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் ஓட்டிப் பார்க்கிறோம். முழுத் தரச் சோதனை இல்லாமல் யாருடைய வண்டியிலும் ஊற்றியதில்லை, நீங்களும் ஊற்றாதீர்கள்.

பொட்டாஷின் பெரும்பங்கு இருப்பது கிளிசரினில். கூடவே மிஞ்சிய மெத்தனாலும் அதில்தான். ஆகவே அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. முதலில் வாலைவடித்து மெத்தனாலை மீட்டுவிடுங்கள். பிறகு கிளிசரினை வெதுவெதுப்பாக வைத்துக்கொண்டு பாஸ்பாரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். ஓர் இரவு விட்டால் மூன்று அடுக்காகும்: மேலே சோப்பிலிருந்து மீண்ட கொழுப்பு அமிலம், நடுவில் கிளிசரின், அடியில் சர்க்கரை மாதிரி வெள்ளை உப்பு. மேலடுக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த புங்க எண்ணெயோடு சேர்த்து அமில வழியில் எஸ்டராக்கிவிடலாம். அடியில் இருப்பது பொட்டாசியம் பாஸ்பேட். அந்தப் பெண்ணையே வடிகட்டிக் கழுவி எடுக்கச் சொன்னேன். காய்ந்ததும் எடை போட்டு, அதில் பொட்டாசியம் எவ்வளவு என்று கணக்கிட்டு, நாம் போட்ட 8.2 கிராமோடு ஒப்பிட்டுத் தன் நோட்டில் எழுதினாள். அந்த உப்பைத் தண்ணீரில் கரைத்து, ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் தென்னங்கன்றுகளுக்கு ஊற்றினோம்.